ஆப்பிரிக்கா அடியோ: சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்த படம்

‘ஆப்பிரிக்கா அடியோ’ பார்க்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, “படம் எவ்வளவு நேரம் ஓடுது?” என்பதுதான். இரண்டேகால் மணி நேரத்துக்கு முன்னேபின்னே இருந்தால், அது குவால்த்தியேரோ ஜாகோபெட்டியும் ஃபிராங்கோ புரோஸ்பெரியும் 1966-இல் வெளியிட்ட இத்தாலிய ஆவணப்படம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டால், அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தர் வெட்டிச் சுருக்கி, தலைப்பிலேயே ரத்தத்தையும் குடலையும் சேர்த்து ஓட்டிய பிரதி. அரசியல் பேசும் இடங்களைக் கத்தரித்துவிட்டுப் பிணங்களையும் வேட்டையையும் மட்டும் வைத்துக்கொண்ட பிரதி அது. அதைப் பார்ப்பதற்குச் சும்மா இருக்கலாம். முழுப் படத்தோடு சண்டை போடவாவது முடியும்.

சில வருடங்களுக்கு முன்னால் நான் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் ஒரு கட்டுமானப் பொருள் நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தேன். கம்பெனி கொடுத்த வீட்டில் நாலைந்து பேர் தங்கியிருந்தோம். தமிழ், தெலுங்கு, ஒரு மலையாளி. ஜனவரி 12 அங்கே நாடு முழுக்க விடுமுறை, எதிரே இருக்கும் ஸான்சிபார் தீவில் 1964-இல் நடந்த புரட்சியின் நினைவு நாள். லீவு கிடைத்தது என்பதற்கு மேல் எங்களில் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. கணக்குப் பிரிவில், குஜராத் வழி வந்த போரா முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார். சாச்சா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஸான்சிபாரில் பிறந்தவர். அந்த வருட விடுமுறைக்குத் தீவுக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டபோது, “அந்தத் தேதியில் நான் அங்கே போவதில்லை, பேட்டா” என்று சொல்லிவிட்டு மறுபடியும் வவுச்சர் அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஏன் என்று கேட்கும் அளவுக்கு அப்போது பழக்கம் இல்லை. அன்று ராத்திரி நானே தேடப்போய்த்தான் இந்தப் படம் வந்து மாட்டியது.

படம் எதைப் பற்றியது என்று கேட்டால், 1963 முதல் 65 வரை கீழை, மத்திய ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது நடந்தவை. இந்த இரண்டு இயக்குநர்களும் அதற்கு முன் ‘மோந்தோ கானே’ என்ற படத்தை எடுத்துப் பேர் வாங்கியவர்கள். உலகத்தில் எங்கெங்கே என்னென்ன விநோதம், அருவருப்பு உண்டோ அதையெல்லாம் பொறுக்கிக் கோத்து, மேலே நக்கலாக ஒரு வர்ணனை, கீழே உருகி வழியும் இசை. அந்தக் கைவரிசையைத்தான் ஆப்பிரிக்காவிலும் காட்டினார்கள். இசை இங்கேயும் ரிஸ் ஓர்த்தொலானி. கேட்க அவ்வளவு அழகாக இருக்கும். அதுதான் பிரச்சினையே.

ஆரம்பத்திலேயே வர்ணனை தன் கட்சியைச் சொல்லிவிடுகிறது. ஐரோப்பா ஒரு தாய், ஆப்பிரிக்கா அவள் கைக்குழந்தை, குழந்தைக்கு மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் தாய் விட்டுவிட்டுப் போகிறாள். இந்த ஒரு உவமையை நம்பிவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு பிணமும் ‘பார்த்தாயா, சொன்னேனில்லை’ என்று சாட்சி சொல்லத் தொடங்கிவிடும். அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட் 1967-இலேயே இதைக் கொடூரமான, நேர்மையற்ற, இனவெறிப் படம் என்று எழுதினார். மேற்கு பெர்லினில் 1966 ஆகஸ்டில் ஆப்பிரிக்க மாணவர்களும் ஜெர்மன் மாணவர்களும் படம் ஓடிய தியேட்டரிலேயே போய்ப் போராடினார்கள். இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன். என்ன படித்திருந்தாலும் ஸான்சிபார் பகுதி வந்தபோது அதெல்லாம் பெரிதாக உதவவில்லை.

அந்தப் பகுதி விமானத்திலிருந்து எடுத்தது. தாழப் பறக்கிறார்கள். தென்னையும் மண் பாதையும். பாதையோரத்தில் வெள்ளையாக ஏதோ சிதறிக்கிடக்கிறது. முதலில் துணி காய்கிறது என்றுதான் கண் எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் கீழே இறங்கியதும் அது அரபு அங்கி போட்ட மனிதர்கள் என்று தெரிகிறது. பிறகு வரிசையாக நடத்திக்கொண்டு போகப்படுகிறவர்கள். வெட்டி வைத்த குழிகள். கடற்கரையில் கூட்டம் கூட்டமாகத் தண்ணீரை நோக்கி ஓடுகிறவர்கள். மறுபடி அதே கரை மேல் பறக்கும்போது ஓடியவர்கள் ஓடவில்லை. நான் லேப்டாப்பை மூடிவிட்டு வாசலில் போய் நின்றேன். அந்தத் தீவு எங்கள் ஊரிலிருந்து ஃபெர்ரியில் இரண்டு மணி நேரம். போன மாதம்தான் அங்கே போய்ப் பல்லிளித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தோம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் காட்சிகள் செட்டு போட்டு எடுத்தவை அல்ல. 1964 ஜனவரியில் ஸான்சிபாரில் நடந்த கொலைகளுக்கு, நகரும் படமாக நமக்கு இருக்கும் சாட்சி கிட்டத்தட்ட இது மட்டும்தான். இறந்தவர்கள் சில ஆயிரம் என்பாரும் உண்டு, இருபதாயிரம் வரை சொல்வாரும் உண்டு. எண்ணிக்கையில்தான் தகராறு, கொலை நடந்ததில் இல்லை. படம் மோசமான படம் என்பதற்காக அந்த மனிதர்கள் சாகாமல் போய்விடவில்லை. ஆகவே ‘இது இனவெறிப் படம், பார்க்கக் கூடாது’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. கேமரா பார்த்ததை வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் குரலைத்தான் கீழே இறக்க வேண்டும்.

அதற்கு நான் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். மறுநாள் அதே பகுதியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். வர்ணனை இல்லை, வயலின் இல்லை. உடனே கேள்விகள் வரத் தொடங்கின. இது தீவின் எந்தப் பக்கம்? நடத்திக்கொண்டு போகிறவன் யார், அவன் கையில் இருக்கும் துப்பாக்கி யாருடையது? போன வாரம் இங்கே என்ன நடந்தது? சத்தம் இருந்தபோது இதில் ஒன்றுகூடத் தோன்றவில்லை. தோன்றுவதற்குள் அந்தக் குரல் பதில் சொல்லிவிடும், ‘வெள்ளைக்காரன் போனான், இவர்கள் அடித்துக்கொண்டார்கள்’ என்று.

துப்பாக்கி யாருடையது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. போலீஸ் ஆயுதக் கிடங்கைத்தான் முதல் இரவே கைப்பற்றினார்கள். மற்றதற்குப் பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது. ஸான்சிபாரின் கிராம்புத் தோட்டங்களில் பெரும்பங்கு அரபு நிலக்கிழார்களிடம். வியாபாரம் பெரும்பாலும் இந்தியர்களிடம். அடிமைச் சந்தையை 1873-இல் மூடினார்கள். அடிமை முறையின் சட்ட அந்தஸ்து 1897-இல்தான் போனது. 1964-இல் எழுபது வயதைத் தாண்டிய ஆப்பிரிக்கக் கிழவர் ஒருவர் அடிமையாகவே பிறந்திருக்கக்கூடும். 1890-லிருந்து தீவைப் பாதுகாத்த பிரிட்டிஷார் சுல்தானை வைத்துத்தான் ஆண்டார்கள். 1963 ஜூலையில் தேர்தல். ஆப்பிரிக்கர்களின் கட்சியான ஆஃப்ரோ-ஷிராஸி கட்சிக்கு 54 சதவீத ஓட்டு. ஆனால் மொத்தம் 31 இடத்தில் கிடைத்தது 13. அரபு ஆதரவுக் கூட்டணிக்கு 18. அந்த ஆட்சியின் கையில் கொடுத்துவிட்டு டிசம்பர் 10-ஆம் தேதி பிரிட்டன் கிளம்பியது. ஐந்து வாரம்கூட ஆகவில்லை, ஜனவரி 12 விடியற்காலையில், உகாண்டாவிலிருந்து வந்த ஜான் ஒகெல்லோ என்பவர் தலைமையில் சில நூறு பேர் காவல் நிலையங்களைப் பிடித்தார்கள். சுல்தான் ஜம்ஷித் கப்பலேறினார். ஒகெல்லோ தன்னைத் தானே ஃபீல்ட் மார்ஷல் என்று அழைத்துக்கொண்டு ரேடியோவில் உறுமிக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்குள் அவரையும் கழற்றிவிட்டார்கள். ஆஃப்ரோ-ஷிராஸி கட்சித் தலைவர் அபெய்த் கருமே ஜனாதிபதி. ஏப்ரல் 26-இல் எதிர்க்கரை நாடான தாங்கனிக்காவோடு இணைப்பு, அப்புறம் தான்சானியா.

இதைச் சொல்வதால் கொலைக்கு நியாயம் வந்துவிடாது. தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த அரபுக்காரனுக்கும் தோட்ட முதலாளிக்கும் கும்பல் வித்தியாசம் பார்க்கவில்லை. ஆனால் 54 சதவீதம் ஓட்டு வாங்கித் தோற்ற கதை தெரிந்தவன் அந்த விமானக் காட்சியைப் பார்க்கும் விதம் வேறு. நான் கண்டுகொண்ட முறை இதுதான்: கேமரா எந்தத் தேதியில் வந்து இறங்கியது என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆறு மாதம் என்ன நடந்தது என்று படிக்க வேண்டும். இந்த வகைப் படங்கள் எல்லாமே ரத்தம் வந்த பிறகுதான் கேமராவைத் திறக்கின்றன.

கென்யாப் பகுதிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். படம் காட்டுவது 1963 டிசம்பர் கொடியேற்றம், வெள்ளைக்காரப் பண்ணை வீடுகள் ஏலத்துக்கு வருவது, வளர்த்த தோட்டத்தைப் பிரிகிற சோகம். பின்னணி இசை அப்படியே நெஞ்சைப் பிசையும். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மவ் மவ் கிளர்ச்சி பற்றிய பேச்செல்லாம் கிளர்ச்சிக்காரர்கள் செய்த கொடுமை மட்டும்தான். கொடுமை செய்தார்கள், உண்மை. 1952-இல் நெருக்கடி நிலை அறிவித்ததிலிருந்து அவர்கள் கையில் இறந்த ஐரோப்பியக் குடிமக்கள் 32 பேர். அதே காலத்தில் பிரிட்டிஷ் நிர்வாகம் தூக்கிலிட்டவர்கள் மட்டும் 1,090 பேர். முகாம்களில் அடைபட்டவர்கள் பல பத்தாயிரம். 1959 மார்ச்சில் ஹோலா முகாமில் பதினோரு கைதிகளை அடித்தே கொன்றுவிட்டு, தண்ணீர் குடித்ததால் இறந்தார்கள் என்று அறிக்கை விட்டார்கள். தண்ணீர்! இதில் ஒன்றும் படத்தில் கிடையாது.

சரி, அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று எங்கள் வீட்டு மலையாளி நண்பர் கேட்டார். ஹோலா பற்றி லண்டன் நாடாளுமன்றத்திலேயே 1959-இல் பேசியாகிவிட்டது, இத்தாலிக்காரர்கள் அதற்கு நாலைந்து வருடம் கழித்துத்தான் வருகிறார்கள். நிஜமாகவே ஒளித்து வைத்ததும் உண்டு. கிளம்பும்போது காலனி அரசு எடுத்துக்கொண்டு போன கோப்புகள் இங்கிலாந்தில் ஹன்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் கிடந்தது 2011-இல்தான் வெளியே தெரிந்தது. 2013-இல் பிரிட்டன் வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்டு கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. ஏலத்துக்கு வந்த பியானோவுக்காக நாம் கண்கலங்க வேண்டும் என்று படம் எதிர்பார்க்கிறது. அந்தப் பண்ணை நிலத்திலிருந்து கிகுயு மக்களை எப்போது கிளப்பினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

காங்கோ பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டாம் என்பேன். அங்கே கேமரா முன்னால் ஆளைச் சுடுகிறார்கள். 1964-இல் கிழக்குக் காங்கோவில் எழுந்த சிம்பா கிளர்ச்சியை அடக்க, பிரதமர் சோம்பேயின் அரசு வெள்ளைக் கூலிப்படையை இறக்கியது. படக்குழு அவர்களோடு வண்டியில் போனது. ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், துப்பாக்கி தெரிகிறது, விழுகிறான். பிரேம் அசையவில்லை, ஒளி சரியாக இருக்கிறது. இரண்டாவது முறை பார்க்கும்போது என்னை உலுக்கியது அந்தக் கச்சிதம்தான். நிஜக் கலவரத்தில் படம் பிடித்தவர்களின் கை நடுங்கும், முக்கியமானது பாதி பிரேமுக்கு வெளியே போகும். இங்கே கேமராமேனுக்கு இடம் பார்த்து நிற்க நேரம் கிடைத்திருக்கிறது. அதைத்தான் அப்போது இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவரும் எழுதினார், படம் பிடிக்க வசதியாகச் சுடுவதைத் தாமதப்படுத்தினார்கள் என்று. இத்தாலியில் ஜாகோபெட்டி மேல் கொலைக்கு உடந்தை என்று வழக்கு வந்தது, விடுதலையானார். நீதிமன்றம் விட்டுவிட்டது, அதை நான் மறுபடி விசாரிக்கப்போவதில்லை. ஆனால் வன்முறைக் காட்சி எதைப் பார்த்தாலும் கேமரா எங்கே நிற்கிறது, யார் பக்கத்தில் நிற்கிறது, யார் அனுமதித்து நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வரும் கலவர வீடியோவுக்கும் இதைத்தான் கேட்கிறேன். பாதி வீடியோ அந்தக் கேள்வியிலேயே காலியாகிவிடுகிறது.

காங்கோ ஏன் அப்படி ஆனது என்பதற்குப் படத்தில் பதிலே கிடையாது. சுதந்திரம் 1960 ஜூன் 30. பெல்ஜியம் விட்டுப்போனபோது அவ்வளவு பெரிய நாட்டில் பட்டதாரிகள் இருபது பேர்கூடத் தேறவில்லை. பத்து நாள் தாண்டுவதற்குள் ராணுவம் கலகம் செய்தது. ஜூலை 11-இல் தாமிரச் சுரங்க மாகாணமான கட்டங்கா பெல்ஜியத்தின் தயவில் பிரிந்துகொண்டது. பிரதமர் லுமும்பாவை 1961 ஜனவரி 17 அன்று அங்கேதான் சுட்டார்கள். பெல்ஜிய போலீஸ் அதிகாரி ஒருவர் உடலை அமிலத்தில் கரைத்தார். மிஞ்சிய ஒரு பல்லை பெல்ஜியம் 2022-இல்தான் குடும்பத்திடம் ஒப்படைத்தது. படத்தில் வரும் சோம்பே அரசு என்றேனே, கட்டங்காவைப் பிரித்த அதே சோம்பேதான், 1964-இல் முழு நாட்டுக்கும் பிரதமர்.

மிருகங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. யானை, நீர்யானை என்று நிஜமாகவே கொல்லப்படுவதை நீளமாகக் காட்டுகிறார்கள். மனிதர் சாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த எங்கள் தெலுங்கு நண்பர், ஈட்டி குத்திய நீர்யானை வந்தபோது எழுந்து போய்விட்டார். அந்த இடங்களை வேகமாக ஓட்டித் தாண்டிவிடுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை. ஹெலிகாப்டரில் வரிக்குதிரைக் குட்டியைத் தொங்கவிட்டுக் காப்பாற்றிக் கொண்டுபோகும் காட்சியும் உண்டு, படத்தில் எல்லோருக்கும் நினைவில் நிற்பது. கொல்கிறவன் கறுப்பன், காப்பாற்றுகிறவன் வெள்ளையன். அதற்கு முன்னால் அறுபது எழுபது வருடம் தந்தத்துக்கும் கொம்புக்கும் சுவரில் மாட்டும் தலைக்கும் வேட்டையாடிய துரைமார் இந்தக் கணக்கில் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

கடைசியில் தென்னாப்பிரிக்கா. அங்கே போனதும் படம் முகம் கழுவிக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. வெயில், கடற்கரை, ஸ்லோமோஷனில் துள்ளும் வெள்ளைக்காரப் பெண்கள், கேப் முனையில் பென்குவின்கள். ஷார்ப்வில்லில் போலீஸ் 69 பேரைச் சுட்டுக் கொன்றது 1960 மார்ச்சில். மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது 1964 ஜூனில், இவர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில். அப்போது அங்கே கேமராவுக்கு வேலை இல்லையாம்.

தார் எஸ் சலாமும் படத்தில் வருகிறது, தாங்கனிக்கா ராணுவம் 1964 ஜனவரி 20-இல் கலகம் செய்தபோது. படக்குழுவின் காரை மறித்துக் கண்ணாடியை உடைத்து வெளியே இழுக்கிறார்கள், சுடப்போகிறார்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, இத்தாலிக்காரர்கள் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் நிஜம் என்று தெரிகிறது. தங்கள் உயிர் போகவிருந்த அந்த இடத்தில் மட்டும்தான் படத்தின் அகம்பாவம் கொஞ்சம் குறைகிறது.

இந்தப் படத்தை மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டியதில் கிடைத்த அனுபவமும் உண்டு. ஒரு ஞாயிறு எங்கள் வீட்டு ஹாலில் பக்கத்து கம்பெனிப் பையன்கள் இருவரும் சேர்ந்துகொள்ள, எதுவும் சொல்லாமல் முழுப் படத்தையும் ஓட்டினோம். முடிந்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒருவன் சொன்னான், “இதுக்கு வெள்ளைக்காரனே இருந்திருக்கலாம்ண்ணா.” படம் யாரிடமிருந்து என்ன வார்த்தையை வரவழைக்க எடுக்கப்பட்டதோ, அந்த வார்த்தை ஐம்பது வருடம் கழித்து எங்கள் ஹாலில், மதுரைப் பக்கத்துப் பையன் வாயிலிருந்து அட்சரம் பிசகாமல் வந்தது. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டேகால் மணி நேரம் ஒரே குரலைக் கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டு டிரைவர், தான்சானியாவின் ம்வான்ஸா பக்கத்துக்காரர், வாசல் அருகே நின்று பாதிப் படம் பார்த்திருக்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காரில் போகும்போது, அந்தப் படத்தில் எங்கள் ஆட்கள் யாருமே பேசவில்லையே, கவனித்தீர்களா என்று மட்டும் கேட்டார். உண்மைதான். கத்துகிறார்கள், ஓடுகிறார்கள், சாகிறார்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட எனக்கு நினைவில்லை.

அடுத்த முறை வேறு கம்பெனி ஆட்கள் கேட்டபோது வேறு மாதிரி செய்தேன். முழுப் படம் கிடையாது. ஸான்சிபார் பகுதி மட்டும், முதலில் சத்தமில்லாமல். அதன் மேல் எங்களுக்குத் தோன்றிய கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதினோம். பிறகு தேர்தல் கணக்கைச் சொன்னேன். அதற்கப்புறம்தான் அதே பகுதியைச் சத்தத்தோடு போட்டேன். வர்ணனை தொடங்கியதும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், கதாகாலட்சேபம் செய்கிறான் பார் என்று. குரல் தனியாக, படம் தனியாகக் கழன்றுவிட்டது. கல்லூரியிலோ திரைப்படச் சங்கத்திலோ காட்ட நினைப்பவர்கள் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பின்னால் கலந்துரையாடிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது நடப்பதில்லை, படம் முடியும்போது பாதிப் பேர் ஏற்கெனவே முடிவு கட்டியிருப்பார்கள். கூடவே வேறு ஒரு படமும் வைத்துக்கொள்வது நல்லது. லுமும்பா கொலையைச் சுற்றி யோஹான் க்ரிமோன்ப்ரே எடுத்து 2024-இல் வந்த ‘சவுண்ட்டிராக் டு எ கூ தெத்தா’ இருக்கிறது. பழைய செய்திப் படத் துண்டுகளை வைத்துத்தான் அதையும் கட்டியிருக்கிறார்கள், ஆனால் சூட்டும் கோட்டும் போட்டவர்கள் எங்கே உட்கார்ந்து முடிவெடுத்தார்கள் என்று காட்டுகிறது.

ஸான்சிபாருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. டாக்ஸிக்காரரிடமும் ஹோட்டல்காரரிடமும் 1964 பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அங்கே அது பழைய கதை இல்லை. எந்தக் குடும்பம் எந்தக் கட்சி என்பது இன்னமும் பெரும்பாலும் அந்தக் கோட்டின் மேல்தான் ஓடுகிறது. ஸ்டோன் டவுனின் செதுக்கு வேலைக் கதவுகளை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். பழைய அடிமைச் சந்தை இருந்த இடத்தில் எழுந்த ஆங்கிலிகன் தேவாலயத்துக்கும் போவார்கள். அதோடு நிற்காமல் ங்காம்போ பக்கம் நடந்து போங்கள். ஏழை ஆப்பிரிக்கர்கள் வாழ்ந்த மறுகரை அது. புரட்சிக்குப் பின் கிழக்கு ஜெர்மனி உதவியோடு கட்டிய மிச்சென்ஸானி அடுக்குமாடிகள் ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும். புரட்சி யாருக்கு என்ன கொடுத்தது என்று தெரிய அங்கே ஒரு மணி நேரம் போதும். ஃபெர்ரியில் ஏறும்போது வாந்தி எடுக்கப் பை கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அந்த ஜலசந்தி ஆட்டும்.

சாச்சா கதை மெதுவாகத்தான் வந்தது, அதுவும் வருடக் கணக்கு முடிக்கும் வேலையில் ராத்திரி வரை உட்கார்ந்த நாட்களில். அப்போது அவருக்கு ஒன்பது வயது. கடை கீழே, வீடு மேலே. அப்பா கடைக்கு மூட்டை தூக்கிய ஆப்பிரிக்கர் ஒருவர், தன் வீட்டில் இவர்கள் எல்லோரையும் கொண்டுபோய் வைத்திருந்தார். கும்பல் வந்து கேட்டபோது வாசலில் நின்று, உள்ளே என் பெண்டாட்டிக்குப் பிரசவம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். சில வாரம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டியோடு தார் எஸ் சலாம். படத்தைப் பற்றிச் சொன்னபோது, “விமானத்தில் இருந்து பார்த்தால் பிணம் தெரியும் பேட்டா, அந்த வாசல் தெரியாது” என்றார். பார்க்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

நான் ஊர் திரும்பிய பிறகு, டொராண்டோவில் இருக்கும் அவர் மகள் எனக்கு எழுதினாள். அப்பா ஏதோ படம் என்கிறார், லிங்க் அனுப்புங்கள் அண்ணா என்று. அனுப்பினேன், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார், முடிந்தால் அப்பாவை வீடியோ காலில் வைத்துக்கொண்டு பார் என்று சேர்த்து எழுதினேன். பார்க்க மாட்டேன் என்றவர் பார்த்திருக்கிறார். அவள் சொன்னபடி, பத்து நிமிடப் பகுதிக்கு அவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. நிறுத்து, பின்னால் போ, இது டவுன் இல்லை, நாட்டுப்புறம், அந்த வளைவைப் பார், தோட்டத்துக்குப் போகிற ரோடு அது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாராம். கடற்கரைக் காட்சிக்கு மட்டும் இடம் பிடிபடவில்லை. ஸான்சிபாரிலிருந்து வந்த இன்னொரு கிழவர் டொராண்டோ பக்கத்து மிஸ்ஸிஸாகாவில் இருக்கிறார், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்திருக்கிறார்.